மூன்றாவது மூச்சு

ரொட்டிக்காரரின் ஹாரன் முதலில் போனுக்குள் கேட்டது. தெருவில் கேட்டது அதற்குப் பிறகுதான்.

கத்தரின் அப்போது பின்கட்டில், துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. சோப்புத் தண்ணீர் வற்றிய சாக்கடையிலிருந்து புளித்த வாடை வந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே மூங்கில் கழிகளில், அவள் வேலை செய்யும் சீனர் வீட்டுப் பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டுகள் கை நீட்டித் தொங்கின. வலது காதில் அக்காவின் குரல். அந்தக் குரலுக்குப் பின்னால், ரப்பர் பந்தை அமுக்கியதுபோல, பாம் பாம் என்று ஹாரன் சத்தம் மிக அருகில் கேட்டது. மோட்டார் சைக்கிள் நின்று இரைவதும், தகரப் பெட்டியின் மூடி திறப்பதும்கூடக் கேட்டன.

"அக்கா, உங்க பக்கம் ரொட்டிக்காரர் வந்திருக்காரா?"

"இங்க ஏது ரொட்டிக்காரர்? காலையில சைக்கிள்ல ஒருத்தர் வருவாரு, அதோட சரி. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

அரை நிமிடம் போயிருக்கும். முனையில் திரும்பி, பின்சந்துக்குள் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் வந்தது. பாம் பாம். இந்த முறை சத்தம் இடது காதில் கேட்டது.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். செங்கல் கனத்தில் சாம்பல் நிறப் போன். உச்சியில் இழுத்து நீட்டும் ஏரியல். டாக்டரின் மனைவி, மேடம், போன மாதம் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. ஒயர் கிடையாது.

ஒயர் இல்லாததுதான் கத்தரினுக்கு அதில் பிடித்த விஷயம். ஹாலில் இருந்த பழைய கறுப்புப் போனில் பேச வழியே இல்லை. அதற்குப் பக்கத்தில் பிரம்பு நாற்காலி போட்டு, மேடத்தின் பெரியக்கா நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். பெரிய மேடம் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பது வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவர். தமிழை அந்தக் கடையிலேயே கற்றார். கெட்ட வார்த்தை உட்பட எல்லாம் தெரியும். அவருக்கு முன்னால் அக்கா பெயரைச் சொன்னால் மாலைக்குள் மேடத்துக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஈப்போ முழுக்கத் தெரிந்துவிடும்.

புதுப் போன் வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. மேடம் வியாழக்கிழமை மாஜோங் காய் விளையாடப் போய்விடுவார். மூன்று மணிக்கு அக்கா கூப்பிடுவாள். முதல் மணியிலேயே எடுத்து, பின்கட்டின் கடைசிவரை போய்விடலாம். ஒட்டுக்கேட்கிறவன் ஒயரில்தானே ஒட்டுக்கேட்பான்? இதில்தான் ஒயரே இல்லையே. இப்படி நினைத்துக்கொண்டபோது அவளுக்குத் தன் புத்திசாலித்தனத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அக்கா கெர்ட்ரூட் இருக்கும் இடம் கத்தரினுக்கே தெரியாது. ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக் கொடுக்கிற வேலை, அங்கே வேறு பெயரில் இருக்கிறாள், வியாழக்கிழமை மதியம் டிரசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், மருந்து எடுக்க டவுனுக்குப் போவார், அப்போது போனுக்குப் பக்கத்தில் அவள் மட்டும் இருப்பாள். கத்தரினுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எந்தத் தோட்டம், என்ன நம்பர் என்று அக்கா சொல்லவே இல்லை.

"தெரிஞ்சா உன்னை அடிச்சுக் கேப்பான். நீ தாங்க மாட்டே, பாப்பா. தெரியாட்டி சொல்ல முடியாதில்ல?"

அவன் என்றால் டொமினிக். அக்காவின் புருஷன். ரேடியோ, டிவி ரிப்பேர் செய்கிறவன். பிளக்கில் சொருகிச் சூடேற்றி ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை அக்காவின் கையில் இரண்டு முறையும் முதுகில் ஒரு முறையும் வைத்தவன். மூன்றாவது முறைக்குப் பிறகு அவள் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினாள். அது நடந்து எட்டு மாதம். தேடிக் கண்டுபிடித்தால் இரண்டாவது முறை ஓட விடமாட்டேன் என்று அவன் ஊர்முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஏதோ பாசம் என்பதுபோல் தலையாட்டினார்கள். சொந்த அண்ணன் பெரியநாயகம் என்ன சொன்னான்? "மூணு தழும்புக்குப் போயி குடும்பத்தக் கெடுத்துக்கிட்டா லா" என்றான்.

அதனால் பேச்சில் ஊர் பெயர் வராது. ஆள் பெயர் வராது. கொஞ்ச நேரம் உடம்பைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு செபமாலையில் பத்து மணிகள். அக்கா முதல் பாதியைச் சொல்வாள், கத்தரின் மறுபாதியைச் சொல்வாள். தோட்டத் தொழிலாளர் வரிசையில், லயத்து வீட்டில் அப்பா உயிரோடு இருந்தவரை ஒருநாளும் தவறாத பழக்கம். முடிவில் அவரவர் படுக்கும் இடத்துக் கோயிலின் காவலரான புனிதரின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது அப்பா வைத்த சட்டம். எந்தக் கோயில் மணி காதில் விழுகிறதோ, அந்தக் கோயிலின் அர்ச்சிஷ்டவருக்கு அன்றைய இரவு பொறுப்பு என்பார். கத்தரின் லூர்து மாதாவைச் சொல்வாள். அக்கா ஆரோக்கியநாதரைச் சொல்வாள். இருவரும் ஆமென் சொல்லிப் போனை வைப்பார்கள்.

அடுத்த வியாழக்கிழமை போனில் ரொட்டிக்காரர் இல்லை. ஆனால் இரைச்சல் இருந்தது. அரிசி புடைப்பதுபோல் சீராக ஒரு இரைச்சல். உற்றுக் கேட்டபோது அதற்குள் இன்னொன்றும் இருந்தது. ஏறி, நின்று, இறங்கும் ஒன்று. அக்கா பேசும்போது அது நின்றது. கத்தரின் பேசும்போதும் நின்றது. இருவரும் பேசாமல் இருந்த நொடிகளில் மட்டும் மறுபடி ஏறி இறங்கியது.

"அக்கா, உனக்குச் சளியா? மூச்சு வாங்குது."

"எனக்கா? உனக்குத்தான் வாங்குது. மாடிப்படி ஏறி வந்தியா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த அமைதியில் அது மூச்சு விட்டது.

அதற்கும் அடுத்த வாரம். பத்தாவது மணி முடிந்து, லூர்து மாதாவும் ஆரோக்கியநாதரும் முடிந்து, இருவரும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். அவர்கள் சொல்லி முடித்தபின், கோயிலில் கடைசி வரிசையில் நிற்கும் ஆண்கள் வாயைத் திறக்காமல் சொல்வதுபோல், தாழ்ந்த குரலில் இன்னொரு ஆமென் கேட்டது.

"டிரசர் வந்துட்டாரா அக்கா?"

"இல்லியே. உங்க வீட்டு ஐயாவா?"

"அவரு புத்தரு கும்பிடறவரு, அக்கா."

அக்கா போனை வைத்துவிட்டாள். கத்தரின் வைக்கவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டே வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்தாள். பெரிய மேடம்தான். ஹாலில் போனை எடுத்து வைத்துக்கொண்டு விளையாடுகிறார். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

பெரிய மேடம் பிரம்பு நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் பூனை. கறுப்புப் போன் அதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது.

காதில் அந்த மூச்சு இப்போது மெல்லியதாகிவிட்டிருந்தது. ஹாலில் சன்னமாகக் கேட்டது. அடுக்களைக்கு வந்தாள். கொஞ்சம் தெளிந்தது. பின்வாசல் தாண்டினாள். துவைக்கும் கல். கொடி. கம்பிவேலி. வேலிக்குப் பக்கத்தில் போனபோது அது தோளுக்கு மேலே நின்று விடும் மூச்சுபோல் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் ஆறு மாதமாக வாடகைக்கு விடப்படாமல் கிடக்கும் வீடு. அதன் பின்ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள் எல்லாம் மூடியிருந்தன. நடுவில் ஒரு பட்டை மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

அவள் பட்டனை அமுக்கினாள். மூச்சு அறுந்தது.

பெரிய மேடம் விழித்ததும் கேட்டார். "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? பாய்ஃபிரண்டு சண்டை போட்டானா?"

"எனக்கு யாரும் இல்ல, மேடம்."

"பொய் சொல்லாத லா. வியாழக்கெழம ஆனா தலை சீவி, பவுடர் போட்டு, போனைத் தூக்கிக்கிட்டு ஓடுறே. நான் கெழவி, குருடி இல்ல."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், செபக்கூட்டத் தலைவர் சவரிநாதன் மைக்கைப் பிடித்து அறிவிப்புகள் வாசித்தார். சிறுபிள்ளைகள் வகுப்பு. கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுதல். பிறகு திருவிழா.

"வார பதினாறாம் தேதி நம்ம ஆரோக்கியநாதர் திருவிழா. தைப்பிங்கைத் தாண்டி, தோட்டத்துச் சிற்றாலயம். பழைய ஆளுங்களுக்குத் தெரியும். புது ஆளுங்க பயப்பட வேணாம், நம்ம பேராக் மாநிலத்துக்கு இருக்கிறது ஒரே ஒரு ஆரோக்கியநாதர்தான். பேரைச் சொல்லிக் கேட்டா, டிஸ்பென்சரி பக்கத்துலன்னு யாரும் கை காட்டுவாங்க. வழி தப்பவே முடியாது."

ஜனங்கள் சிரித்தார்கள். கத்தரின் முழங்கால் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா அவளிடம் இடத்தைச் சொல்லவே இல்லை. ஆனால் இப்போது அவளுக்கு இடம் தெரியும். வாரா வாரம் அக்கா தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் கேட்ட எவனுக்கும் தெரியும். அதிலும் மூன்று வருஷம் மருமகனாக அதே லயத்து வீட்டில், அதே பாயில் முழங்கால் போட்டு, அப்பாவின் சட்டப்படி காவலர் பெயரைச் சொன்னவனுக்கு, கேட்ட உடனே தெரியும்.

வெளியே மரத்தடியில் அண்ணன் பெரியநாயகம் நின்றிருந்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. அவன் பார்த்ததும் இல்லை.

"டொமினிக் மச்சான் ரொம்ப மாறிட்டாப்ல, தெரியுமா? குடிக்கிறதில்ல. ஈப்போவுல வீடு வீடாப் போயி டிவி ரிப்பேர். சீனன் வீடெல்லாம் அவரைத்தான் கூப்பிடுது. ஞாயித்துக்கெழமகூட வேலை. கெர்ட்ரூட் இருந்தா மகராசி மாதிரி வாழலாம்."

"எந்தப் பக்கம்ணே ரிப்பேர் பண்றாரு?"

"உங்க பக்கம்தான். சொல்லலியா உன்கிட்ட?"

அவள் இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போனாள். அன்று மாலையே மேடத்திடம் ஒரு நாள் லீவு கேட்டாள். லீவு ஞாயிற்றுக்கிழமை, அது இப்போதுதான் முடிந்தது என்றார் மேடம். அம்மாவுக்குச் சீக்கு என்றாள். உன் அம்மா செத்துப்போய்விட்டதாகப் போன வருஷம் சொன்னாயே என்றார் மேடம். அப்படியே வேலையை விட்டு ஓடியிருக்கலாம். அவள் ஓடவில்லை. ஓடியிருக்க வேண்டும் என்பது பிறகு தோன்றியது. அப்போது தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: வியாழக்கிழமை அக்காவே கூப்பிடுவாள். முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடலாம். நாலு நாள்தானே.

அந்த நாலு நாளும் அவள் வீட்டின் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குளிர்பெட்டி இரைந்து நிற்பது. மேல்மாடியில் பல் டாக்டர் இருமுவது. டிவியை அணைத்த பிறகும் அதன் கண்ணாடியில் பொரிவதுபோல் கேட்கும் சிறு சத்தம். டிவியின் பின்பலகையில் நான்கு திருகாணிகள் புதிதாக மின்னின. பார்த்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

வியாழக்கிழமை. இரண்டரை மணிக்கே போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்துவிட்டாள். மழை வரப்போகிற வெக்கை. கொடியில் கோட்டுகள் அசையவில்லை. சந்துக்கு அப்பால் அந்தக் கண்ணாடிப் பட்டை மூடியிருந்தது. எல்லாப் பட்டைகளும் மூடியிருந்தன.

மூன்று மணி. மூன்று ஐந்து. மணி அடித்தது.

"பாப்பா."

அவள் முதலில் காதைத் தீட்டினாள். இரைச்சலைத் தேடினாள். இல்லை. அரிசி புடைக்கும் சத்தம் இல்லை. ஏறி இறங்கும் எதுவும் இல்லை. அக்காவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு துல்லியமாக இருந்தது. டிஸ்பென்சரியின் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரம் கேட்டது.

"இன்னிக்கு நல்லா கேக்குது இல்ல? அந்தக் கொர்கொர் இல்ல. இங்க காலையிலேருந்து மழை, பாப்பா. தைப்பி... இங்க எப்பவும் மழைதான்."

நிம்மதியில் கத்தரினுக்குக் கண் நிறைந்தது. மூச்சு இல்லை. யாரும் இல்லை. எல்லாம் தன் மனப்பிராந்தி. அந்த நிம்மதியில் ஐந்தாறு நொடிகள் போயின. பிறகு, ஏன் இல்லை என்ற கேள்வி வந்தது. வாரா வாரம் இருந்தவன் இன்று ஏன் இல்லை?

கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டான்.

"அக்கா. அக்கா, இங்க பாரு. நீ இருக்கிற எடம் தெரிஞ்சுபோச்சு. ஆரோக்கியநாதர்னு நாம..."

"இரு பாப்பா, யாரோ கதவு தட்றாங்க."

"தொறக்காதே."

"மருந்துக்கு வந்திருப்பாங்க. மழையில நிக்குதுங்க பாவம். தொறக்காட்டி டிரசர்கிட்ட சொல்லிக் குடுத்துருவாங்க. ஒரு நிமிஷம் இரு."

"அக்கா, தொறக்காதே. அக்கா."

மேசைப் பலகையில் போன் வைக்கப்படும் சத்தம். செருப்புச் சத்தம் விலகிப் போனது.

"அக்கா, தொறக்காதே."

இந்த முறை அவள் அதைச் சொல்லும்போதே அது அவளுக்குப் பின்னாலிருந்தும் கேட்டது. அவளுடைய குரல்தான். தகரத்தில் அடைத்த அவளுடைய குரல். அடுக்களை வாசலிலிருந்து வந்தது.

திரும்பினாள்.

பெரிய மேடம் நிலைப்படியில் நின்றிருந்தார். கையில் தோல் உறை போட்ட சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ. அதன் முள் கடைசி அலைவரிசை எண்ணையும் தாண்டி ஒதுங்கி நின்றது. அதற்குள் மழை பெய்துகொண்டிருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, உன் சத்தம் ரேடியோவுல வருது" என்றார் சிரித்துக்கொண்டே. "அந்த டிவி தம்பிதான் முள்ளை இங்க திருப்பி வச்சுக் குடுத்தான். நீ கோயிலுக்குப் போனப்ப வருவான், நல்ல பையன். அவன்கிட்டயும் இதே மாதிரி போன் ஒண்ணு இருக்கு. வியாழக்கெழம மூணு மணிக்குப் போடுங்க, உங்க வேலைக்காரப் பொண்ணு சாமி கும்பிடறது கேக்கும்னான். நான் தூங்கிப் போயிடுறேன் லா. இன்னிக்குத்தான் முழிச்சிருந்தேன்."

"எங்க அவன்?"

"என்ன?"

"மேடம், அந்த ஆளு எங்க?"

"காலையில நீ மார்க்கெட்டுக்குப் போனப்ப வந்து என் தங்கச்சிகிட்ட சொல்லிட்டுப் போனான். ரெண்டு நாளைக்கு வரமாட்டானாம். தைப்பிங் பக்கம் வேலையாம். ஏன், உனக்குத் தெரிஞ்ச பையனா?"

ரேடியோவில் தாழ்ப்பாள் விலகியது.

கதவு திறந்தது. மழைச் சத்தம் பெரிதாகி உள்ளே வந்தது. அக்கா ஒரு மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அது வெளியே வரவே இல்லை.

கதவு மூடியது. மழை சின்னதாகிவிட்டது. தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது.

"அக்கா" என்று கத்தரின் கத்தினாள். ரேடியோவும் அக்கா என்று கத்தியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எங்கோ ஒரு மேசைமேல் கிடக்கும் போனுக்குள், அதே சத்தம் எறும்பளவில் ஒலித்திருக்கும். ஈரச் செருப்புகள் அதை நோக்கி வரவில்லை. அவசரம் இல்லாமல் அறையைச் சுற்றி நடந்தன. ஒரு நாற்காலி சிமெண்டுத் தரையில் இழுபட்டது. இன்னொரு நாற்காலி. அதற்கு எதிரில். யாரோ உட்கார்ந்தார்கள்.

பெரிய மேடத்தின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. முப்பது வருஷத் தமிழ் முழுதும் போய், வாய் மட்டும் திறந்து மூடியது. ரேடியோவை அணைக்கத் தோன்றவில்லை. கத்தரினும் பட்டனை அமுக்கவில்லை. அமுக்கினால் அறுந்துவிடும். அக்காவோடு இருக்கும் கடைசித் தொடர்பு இதுதான்.

கடிகாரம் ஓடியது. மழை பெய்தது. அந்தப் பக்கம் போனை யாரும் எடுக்கவில்லை. யாரும் வைக்கவும் இல்லை.

பிறகு, சுவரில் பிளக் ஒன்று சொருகப்படும் சத்தம் கேட்டது.

இரண்டு பெண்களும் அந்த வெக்கையில் நின்று, அது சூடேறும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.